ஈரம் படக் கூடாத தாள்

வெள்ளூரணிச் சந்தையில் ஓர் ஆட்டுக்குட்டியின் காதில் போட்டிருந்த அடையாளம் யாருடையது என்று தொடங்கிய பேச்சு, அப்பனைப் பற்றிய பேச்சாகி, அப்பனுக்கு அப்பனைப் பற்றிய பேச்சாகி, கடைசியில் பேச்சே இல்லாமல் போய், இசக்கிமுத்து அரிவாளை எடுத்துக் கொம்பையாவின் தோளில் இறக்கினான். இறக்கிய அரிவாள் எலும்பு வரை போனது, போன சத்தம் கருப்பட்டிக் கடை வரை கேட்டது, கொம்பையா போட்ட அலறலில் கட்டிக் கிடந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின, ஆனால் அரிவாளை உருவியபோது அது தேய்த்துக் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. சட்டை கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் தோள் காலையில் குளித்துவிட்டு வந்த தோளாகவே இருந்தது.

சுற்றி நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்தார், தொட்ட இடத்தில் கொம்பையா மறுபடி அலறினான்.

"காயத்தக் காணலயே" என்றார் தொட்டவர்.

"அப்பொ நடிக்கான்" என்றார் கருப்பட்டிக் கடைக்காரர்.

அந்த நேரத்தில் ஊருக்கு மேற்கே, பஞ்சாலை மூடிய பிறகு ஓவியர்கள் வந்து குடியேறி, ஓவியர்களும் போன பிறகு காப்பகமாகிவிட்ட, பஞ்சு மூட்டைகள் அடுக்கிய பழைய கிட்டங்கியில், நவமணி ஒரு தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் காப்பகத்தின் பொறுப்பாளர், சென்னையில் அச்சோவியம் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள். அவள் பொறுப்பில் இருந்தவற்றை ஊர் ஒருநாளும் கலை என்று ஒப்புக்கொண்டதில்லை. முள்கம்பி சுற்றிய தையல் மெஷின் இருந்தது, எக்ஸ்ரே படங்களை ஒட்டுப்போட்டுச் செய்த குடை இருந்தது, புரட்டினால் விரலை வெட்டும் தகரப் புத்தகம் இருந்தது, மை பூசிய சாலையில் பஸ்ஸை ஓட்டி அதன் சக்கரத்தைப் பதித்து எடுத்த முப்பது அடித் துணி இருந்தது. ஊர்க்காரர்கள் அந்தக் கட்டடத்தைக் கிறுக்கு மில் என்றார்கள்.

கிறுக்கிலும் பெரிய கிறுக்கு என்று அவர்கள் சொன்னது ரெஞ்சிதத்தின் வெள்ளைத் தாள்களை. ரெஞ்சிதம் அந்த ஓவியர் கூட்டத்தில் ஒருத்தி, செத்துப்போய் வருசங்கள் ஆகிவிட்டன. உயிரோடு இருந்தபோது அவள் வீடு வீடாகப் போய், உடுத்திக் கிழிந்த துணியாகத்தான் வேண்டும், பெட்டியில் மடித்து வைத்தது வேண்டாம் என்று கேட்டு வாங்கி, அந்தந்த வீட்டுத் துணியை இடித்துக் கூழாக்கி அந்தந்த வீட்டுக்கு ஒரு தாள் செய்தாள். பிறகு அந்த வீட்டு வாசற்படிக் கல்லின் மேல் ஈரத் தாளை வைத்து, மை இல்லாமல், அழுத்தம் மட்டும் கொடுத்து அச்செடுத்தாள். நேராகப் பார்த்தால் வெறும் வெள்ளை. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் தேய்ந்த படியின் பள்ளமும் மேடும் தெரியும். கீழே பென்சிலால் இன்னார் வீடு என்று எழுதியிருப்பாள். மை போட மறந்துட்டா போல என்று ஊர் சிரித்தது, மறந்தும் விட்டது.

கொம்பையா வீடு என்று எழுதிய தாளில், நவமணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வலது மேல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு பிளவு திறந்தது. தாள் கிழிந்தால் நார் நாராகக் கிழியும், இது அப்படிக் கிழியவில்லை. உதடு பிரிவதுபோல் பிரிந்தது, விளிம்பு சிவந்தது, சிவப்பு காய்ந்து பழுப்பானது. நவமணி கையுறையைக் கழற்றிவிட்டு மோந்து பார்த்தாள். இரும்பு வாடை அடித்தது. சந்தைச் செய்தி டீயோடு வந்து சேர்ந்தபோது அவள் டீயை வாங்கிக் கீழே வைத்தாள், எடுத்துக் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளூரணியில் யாருக்கும் காயம் படவில்லை. வாத்தியார் பிரம்பால் அடித்தார், பிள்ளையின் உள்ளங்கை வழவழவென்று இருந்தது, வீக்கம் தாளில் எழும்பியது. சாராயக் கடை வாசலில் சோடா பாட்டில் உடைந்தது, முகம் முழுசாக இருந்தது, தாள் கிழிந்தது. வெட்டினால் சாவு இல்லை, குத்தினால் ரத்தம் இல்லை. வலி மட்டும் யாருக்கு அடி விழுந்ததோ அவர்களிடமே தங்கியது, ஒரு சொட்டுக் குறையாமல், ஆறவேண்டிய காலமெல்லாம் ஆறாமல். வலியைக் கண்ணால் பார்க்க முடியாது அல்லவா, ஆகவே ஊர் அதை வெகு சீக்கிரம் கணக்கில் எடுக்காமல் விட்டது.

அம்மன் வாக்கு என்றார்கள் சிலர், ரெஞ்சிதம் வைத்துவிட்டுப் போன ஏவல் என்றார்கள் சிலர், மூன்றாம் வாரம் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள், ஏனென்றால் மழை ஏன் பெய்கிறது என்று பேசிக்கொண்டிருப்பவன் விதைக்கமாட்டான். ஊர் விதைத்தது. முன்னே கையை ஓங்கி, யோசித்து, இறக்கிக்கொண்டவர்கள் இப்போது ஓங்கினால் இறக்கினார்கள். சில்லறை இல்லை என்ற கண்டக்டரை அடித்தார்கள், சில்லறை கேட்டவனைக் கண்டக்டர் அடித்தார். செங்கல் சூளையில் ஆவுடையப்பன் வேலையாட்களை மண்வெட்டிக் காம்பால் எழுப்பினார். அம்மன் கோயில் கொடைவிழாவில் இரண்டு தெருக்காரர்களும் எதிரெதிரே நின்று அரிவாளால் வெட்டிக்கொள்வது புதிய விளையாட்டாகி, வெட்டுப்பட்டுக் கீழே உருண்டவர்களுக்குப் பானகம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் அறையில் மருந்துப் பெட்டிகளை அடுக்கினார்கள். காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு புகாருக்கும் ஒரே கேள்விதான் கேட்டார்: "எங்க, காட்டு?" காட்ட ஒன்றும் இருக்காது. மாவட்டத்திலேயே அமைதியான ஊர் என்று மேலிடத்திலிருந்து ஒரு கேடயம் வந்தது, அதை வாங்கப் போன இடத்தில் யார் முன்னால் நிற்பது என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கிறுக்கு மில்லுக்கு வந்தது. தங்கள் வீட்டுத் தாளைத் தேடிக் கண்டுபிடித்து அதன் முன்னால் நின்றது. "இது நம்ம சித்தப்பா வாங்கினது, பாரு எவ்வளவு நீளம்" என்று பெருமைப்பட்டது. வெள்ளையாக இருந்த தாள்களைப் பார்த்து, இந்த வீட்டில் ஆம்பிளை இல்லையா என்று கேட்டது.

நவமணி தன் வீட்டுத் தாளை மட்டும் இழுப்பறையின் அடியில் வைத்திருந்தாள்.

அந்த வீட்டில் மூன்று பேர். நவமணி, அவளுடைய அண்ணன் சேர்மதுரை, அவன் பெண்டாட்டி பொன்னுத்தாய். சேர்மதுரை லாரி செட்டில் மேஸ்திரி. வெளியில் அவனைத் தங்கமான மனுசன் என்பார்கள், டீ வாங்கிக் கொடுப்பான், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவான், பாடைக்கு மூங்கில் வெட்டுவான். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது அவன் மூச்சு எப்படி வருகிறது என்று இரண்டு பெண்களும் காது கொடுத்துக் கேட்பார்கள். மூச்சு குட்டையாக வந்தால் நவமணி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவாள். மறுநாள் காலையில் மைனி பொன்னுத்தாயின் முகம் வெண்ணெய்போல் இருக்கும், ஒரு கீறல் இருக்காது. முகத்தில் ஒன்றும் இல்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்று நவமணி தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள், சொல்லிக்கொண்டே காப்பகத்துக்குப் போய் இழுப்பறையைத் திறந்து பார்ப்பாள், பார்த்துவிட்டு மூடுவாள். மூன்று வருசத்தில் அந்தத் தாளில் வெள்ளை என்று ஒரு கையகலம்கூட மிஞ்சவில்லை.

பொன்னுத்தாய் ஒருமுறை காவல் நிலையத்துக்குப் போனாள். "எங்க, காட்டும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அவள் காட்டினாள். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, "சினிமாக்காரி மாதிரி இருக்கீய, இதுல என்ன கொற" என்றார். ஏட்டு ஜீப்பிலேயே கொண்டுவந்து வீட்டில் விட்டார். அன்றைக்கு மூச்சு மிகவும் குட்டையாக வந்தது.

இப்படி இருக்கும்போது சென்னையிலிருந்து கண்காட்சிக்காரர்கள் ரெஞ்சிதத்தின் தாள்களில் ஒன்றைக் கேட்டார்கள். அவர்களுக்கு வெட்டு விவகாரம் தெரியாது, வெள்ளைத் தாளைத்தான் கேட்டார்கள். இருப்பதில் வெள்ளையானது காசிராமன் வீட்டுத் தாள்தான். காசிராமன் தறி மெக்கானிக்காக இருந்து, மில் மூடியதும் சைக்கிள் கடை போட்டவன், யாரோடும் வம்புக்குப் போகாதவன். தாளின் ஓரத்தில் ஒரேயொரு பழுப்புக் கறை இருந்தது. அதற்கு நேர் மேலே கூரையில் ஓர் ஓடு விரிசல் விட்டிருந்தது. கூரைத் தண்ணீர்க் கறை என்று நவமணி நினைத்தாள். தாள்களோடு பழகியவர்களுக்குக் கறையைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவள் அகலமான வெள்ளைத் தட்டில் சுண்ணாம்புத் தெளிநீர் ஊற்றி, தாளை ஒரு குழந்தையைக் கிடத்துவதுபோல் அதில் கிடத்தினாள். கறை கலங்கி, இளகி, நீரில் ஒரு நூலாக இறங்கிக் காணாமல் போனது. நல்ல வேலை என்று அவளுக்குத் தோன்றியது.

காசிராமன் அந்நேரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஆமவடையைப் பிட்டு வாயில் வைத்திருந்தான். பிட்ட வடையை அவன் மெல்லுவதற்குள், யாரும் பக்கத்தில் இல்லாமல், யாரும் எதையும் ஓங்காமல், அவன் மண்டை இடது பக்கமாகப் பிளந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் அவன் மச்சினன் கடப்பாரையால் அடித்த அடி, போகவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. பலகாரத் தட்டிலும் செய்தித்தாளிலும் டீ மாஸ்டரின் பனியனிலும் ரத்தம் அடித்தது. வெள்ளூரணி ரத்தத்தைப் பார்த்து மூன்று வருசமாகியிருந்ததால் அது என்னவென்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. "யாருவே சாயத்தக் கொட்டுனது" என்று கேட்டார் டீ மாஸ்டர்.

காசிராமனின் பெண்டாட்டி மறுநாள் கிறுக்கு மில்லுக்கு வந்தாள். நவமணி எழுந்து நின்றாள். மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று நினைத்தாள். அவள் தாளைத்தான் பார்த்தாள், வெளுத்துப் பளிச்சென்று ஒற்றுத்தாள்களுக்கு நடுவே காய்ந்துகொண்டிருந்த தாளை.

"ரெண்டு வருசமா தலவலி தலவலின்னாரு" என்றாள் அவள். "வேலைக்குப் போவ மனசில்லாம நடிக்காருன்னு நெனச்சேன். தைலம்கூடத் தேச்சு விடல."

அவ்வளவுதான் சொன்னாள். போகும்போது செருப்பை மறந்துவிட்டு வெறுங்காலோடு போனாள்.

ஊருக்கு இப்போது புரிந்தது. அந்த வாரத்திலேயே வெள்ளூரணி இரண்டாகப் பிரிந்தது, சாதியாகவும் இல்லை, கட்சியாகவும் இல்லை. அடித்தவர்கள் ஒரு பக்கம், அடி வாங்கியவர்கள் ஒரு பக்கம். அடித்தவர்கள் தாள்கள் காய்ந்தே இருக்கவேண்டும் என்றார்கள். தாளில் ஒரு துளி ஈரம் பட்டால் ஊரில் ஒரு கொலை விழும், கொலை விழுந்தால் போலீஸ் வரும் என்றார்கள். ஆவுடையப்பன் அதற்குத் தலைவரானார். இரண்டே நாளில் கிட்டங்கிக் கூரை முழுவதும் புதிய ஓடு ஏறியது. அவர் காப்பகத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு வருவார், வெயில் நாளிலும் வருவார், உள்ளே வந்து யாராவது தும்மினால் திட்டுவார். வேர்க்கிறவர்கள் வெளியே நிற்கவேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டினார். தாள்களுக்குச் சாம்பிராணி போட்டார்கள். அடி வாங்கியவர்களில் சிலர் அம்மன் கோயிலில் மழை கேட்டுப் பொங்கல் வைத்தார்கள், அங்கேயே அடி வாங்கினார்கள். வேறு சிலர் வந்து தங்கள் தாளைப் பார்த்து, இது முழுக்க ஒரே நேரத்தில் மேலே ஏறினால் நான் இருப்பேனா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பொன்னுத்தாய் ஒரு புதன்கிழமை மத்தியானம், சோற்றுத் தூக்கோடு வந்தாள். தூக்கை மேசைமேல் வைத்தாள்.

"நம்ம வீட்டுத் தாளு எங்க?"

"என்னத்துக்கு மைனி?"

"என்னுது. பாக்கணும்."

நவமணி இழுப்பறையைத் திறந்தாள். தாளை எடுத்து வெளிச்சத்தில் வைத்தாள். பொன்னுத்தாய் ஜவுளிக்கடையில் சேலையின் முந்தியைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"பரவால்ல. ஒண்ணுகூட விட்டுப்போவல."

பிறகு விரலை வைத்துச் சொல்லத் தொடங்கினாள். "இது முருங்கைக்கீரையில மண்ணு கெடந்த அன்னைக்கு. இது ஒங்க அம்மா திதி, பாயாசம் தீஞ்சது. இந்த மோதிரத் தடம் தெரியுதா, இது எதுக்குன்னு எனக்கே தெரியாது, அவருக்கும் தெரியாது, சும்மா போற வழியில. இது காது. அன்னையிலருந்து இந்தப் பக்கம் எனக்குக் கேக்காது, நீ எப்பவும் வலது பக்கமா வந்து பேசுவியே, இடது பக்கமா வான்னு நான் மெதுவாச் சொன்னேன்ல ஒருநாளு."

"இது?" என்றாள் நவமணி, ஓரத்தில் இருந்த ஒரு குத்தைக் காட்டி.

"அது என்னுது இல்லளா. ஒங்க அண்ணன் லாரி செட்டுல வாங்குனது. அத விட்ரு. அது அவரு சம்பாத்தியம்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே பொன்னுத்தாயின் விரல் தாளின் நடுவுக்கு வந்து நின்றது. அங்கே கருஞ்சிவப்பில், ஓரங்கள் சிதறி, பெரிய தாமரை ஒன்றைக் காலால் மிதித்ததுபோல் ஒரு தடம். அவள் அதற்குப் பேர் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. ஸ்டேசனுக்குப் போய்வந்த நாள், அம்மிக் குழவி.

"அன்னைக்கு நீ வீட்லதான இருந்த" என்றாள் பொன்னுத்தாய்.

"இருந்தேன்."

"கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு."

 வெளியே ஆவுடையப்பனின் ஆட்கள் கூரையில் நடக்கும் சத்தம் கேட்டது.

"கழுவு" என்றாள் பொன்னுத்தாய்.

"மைனி, காசிராமனப் பாத்தீயள்ல. அவருக்கு ஒண்ணுதான். ஒங்களுக்கு இவ்வளவும் ஒரே சமயத்துல ஏறுனா..."

"சாவேன். செத்தா பொணத்துலயாவது காயம் இருக்கும்லா. ஏளா, நான் மூணு வருசமா வலிக்குதுன்னு சொல்லுதேன், என்னயப் பெத்தவளே எங்க வலிக்குதுன்னு கேக்கா. எம் மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்கே சந்தேகம் வந்துட்டு. எனக்கு வேணும். நான் வாங்குனது எனக்கு வேணும்."

நவமணி தட்டை எடுக்கவில்லை.  மேசையின் மேல் ஒரு கண்ணாடிப் பலகையை வைத்தாள், அதன்மேல் தாளை விரித்தாள். ஈர்க்குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றித் தெளிநீரில் தொட்டு, ஒற்றுத்தாளில் ஒற்றி, ஈரம் நூலளவுக்குக் குறைந்ததும், ஒரு கறையின்மேல் மட்டும் வைத்தாள். முழுத் தாளையும் நனைக்காமல் ஓர் எழுத்தின் புள்ளியை மட்டும் எடுக்கவேண்டி வரும்போது அவள் செய்யும் வேலை அது. முருங்கைக்கீரைக் கறை பஞ்சில் ஏறியது. பொன்னுத்தாயின் இடது கன்னத்தில் நான்கு விரல்கள் நிதானமாக எழும்பின, சிவந்தன, நீலம் பாய்ந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள், பிறகு மூச்சை விட்டாள்.

"கண்ணாடி இருக்கா?" என்றாள்.

எக்ஸ்ரே குடையின் பக்கத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. அதில் அவள் வெகு நேரம் பார்த்தாள். தாலி கட்டிய அன்றுகூட அவள் கண்ணாடியில் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அன்றைக்கு அவள் தூக்குச் சட்டியை வீசிக்கொண்டு பெரிய தெரு வழியாகப் போனாள், சுற்றிக்கொண்டு, சந்தை வழியாக. மறுநாள் வந்து ஒன்று, அதற்கு மறுநாள் இரண்டு. உதடு கிழிந்தது, கண் வீங்கியது, முழங்கை பெயர்ந்தது, நவமணி துணி நனைத்துக் கட்டினாள், முதுகில் வார்ப்பட்டைத் தடங்கள் ஏறின. காதைத் தொட்ட அன்று காதிலிருந்து ரத்தம் வழிந்து ரவிக்கை நனைந்தது, அன்றும் அவள் நடந்துதான் போனாள். ஊர் கதவைச் சாத்திக்கொண்டு சந்து வழியாகப் பார்த்தது. "இது எந்தக் கறை?" என்று பெண்கள் குழாயடியில் கேட்டார்கள், அவள் நாளும் காரணமும் சொன்னாள். "பாயாசத்துக்கா?" என்றாள் ஒருத்தி, மெதுவாகத் தன் சொந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டு.

இந்த நாட்களில் சேர்மதுரை அவளைத் தொடவில்லை. இரவில் எதிரே உட்கார்ந்து தன் கை ஒவ்வொன்றாக அவள்மேல் முளைத்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான், சோற்றைப் பிசைந்தான், சாப்பிடாமல் எழுந்தான். ஆறாவதோ ஏழாவதோ நாள் ஆவுடையப்பன் அவனை லாரி செட்டில் கூப்பிட்டு நிறுத்தி, "ஒம் பொண்டாட்டி கழுவுதா, நாளைக்கு எஞ் சூளக்காரன் ஒவ்வொருத்தனும் கழுவ வருவான்" என்றார். "ஒந் தங்கச்சி கையில இருக்கு. நீ சொன்னாக் கேக்கமாட்டாளா?"

மத்தியானம் அவர்கள் வந்தார்கள். சேர்மதுரை முன்னால், ஆவுடையப்பன் குடையோடு, பின்னால் சூளைக் கங்காணிகள் இரண்டு பேர். தாள் கண்ணாடிமேல் கிடந்தது. ஓரத்திலிருந்து கறைகளை எடுத்து வந்து, பாதிக்கு மேல் வெள்ளையாகியிருந்தது. எடுத்த இடமெல்லாம் ஈரம். நடுவிலிருந்த தடத்தை மட்டும் நவமணி மெழுகுத் தாளால் மூடி, விளிம்பை ஒட்டியிருந்தாள். பொன்னுத்தாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏ பிள்ள, அத எடுத்து உள்ள வை" என்றான் சேர்மதுரை.

"இல்லண்ணே."

"வீட்டு மானத்த தெருவுல காயப்போடுதியா?"

"நான் காயப்போடல. ஈரமாத்தான் வச்சிருக்கேன்."

பொன்னுத்தாய் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குத்தான் சேர்மதுரையின் கை ஓங்கியது. ஆனால் நவமணி குறுக்கே வந்து நின்றாள். அவன் தங்கச்சியை ஒருநாளும் அடித்ததில்லை. கை ஓங்கினால் இறக்கும் பழக்கம் மூன்று வருசத்தில் தோளில் ஊறிப்போயிருந்தது. மோதிரத்தோடு அது அவள் புருவத்தில் இறங்கியது.

அடி போகவேண்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்தது. தாள் ஈரமாக இருந்தது. ஈரத் தாள் வாங்கிக்கொள்ளவில்லை. அடி திரும்பி வந்து விழுந்த இடத்திலேயே விழுந்தது.

நவமணியின் புருவம் பிளந்து, தோல் மடிந்து தொங்கி, ரத்தம் கண்ணை மூடி, மூக்கை ஒட்டி இறங்கி, வாய்க்குள் போனது. அவள் விழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசை விளிம்பிலும் தரையிலும் சேர்மதுரையின் வெள்ளை வேட்டியிலும் சொட்டியது. சேர்மதுரை தன் கையைப் பார்த்தான். மோதிரத்தின் வளைவில் புருவ மயிர் இரண்டு ஒட்டியிருந்தது. அவன் அதைத் துடைத்தான், துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது. தன் கை இதைச் செய்யும் என்று அவனுக்குத் தெரிந்ததுதான், ஆனால் செய்ததை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. கங்காணிகளில் ஒருவன், சூளையில் காம்பு பிடித்து அடிக்கிறவன், வாசலுக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தான். ஆவுடையப்பன் குடையை விரித்து ரத்தத்துக்கும் தனக்கும் நடுவே பிடித்துக்கொண்டார்.

சேர்மதுரைக்குக் கோபம்தான் முதலில் திரும்பியது. எட்டித் தாளைப் பிடித்தான். மெழுகுத் தாளின் ஒட்டு ஒரு பக்கம் பிய்ந்தது.

பொன்னுத்தாய் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"கிழியும்" என்றாள். "ஈரமாட்டு இருக்கு, லேசாக் கிழியும். அந்த நடுவுல உள்ளதுலயும் தண்ணி படும். நான் இங்கயே கெடப்பேன். நாலு பேரு பாத்துட்டு நிக்காவ. இன்ஸ்பெக்டரு எங்க காட்டுன்னு கேக்கமாட்டாரு, கண்ணுக்கே தெரியும்."

அவன் விரல்கள் தாளில் இருந்தன. விரல்களின் ஈரம் தாளில் ஊறி, மிதிபட்ட தாமரையின் கடைசி இதழை நோக்கி மயிரிழையாக நகர்ந்தது. பொன்னுத்தாயின் வகிட்டில், குங்குமத்துக்குச் சற்று மேலே, ஊசி குத்தியதுபோல் ஒரு சிவப்பு அரும்பியது. அவள் கண் இமைக்காமல் அவனைப் பார்த்தாள். அவன் அதைப் பார்த்தான்.

அவன் மெதுவாக, ஒவ்வொரு விரலாக, தாளை விட்டான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்த அடித்துப் பழகிய கைகளால், ஈரம் நகர்ந்த இடத்தில் ஒற்றினான்.

"தேய்க்காதேயும்" என்றாள் நவமணி, ஒரு கண்ணால் பார்த்தபடி. "ஒத்தணும்."

அவன் ஒற்றினான்.

அதற்குப் பிறகு கிறுக்கு மில்லில் கூட்டம் குறையவில்லை. செங்கல் சூளைக்காரர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள், கொம்பையா தோளில் துண்டு போட்டுக்கொண்டு வந்தான், "மொத்தமா வேண்டாம்மா, தவணையாப் போடு" என்றான். நவமணி தையல் போட்ட புருவத்தோடு பஞ்சு சுற்றினாள். சிலர் கேட்டு வாங்கிய அன்றே செத்தார்கள், அதற்கு முன்னால் அவர்கள் வீட்டாரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் மறுபடியும் புகார் எழுதப் பழகினார். ஊருக்கு வந்த கேடயத்தை யாரோ எடுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டார்கள். சாலையில் போகிறவர்கள் தழும்பும் கட்டுமாகப் போனார்கள், வெளியூர்க்காரர்கள் இறங்கப் பயந்து பஸ்ஸிலேயே உட்கார்ந்தார்கள், ஆனால் கையை ஓங்கிய ஒருவன் இப்போது சற்று நேரம் அதை மேலேயே வைத்துக்கொண்டு யோசிப்பதையும் பார்க்க முடிந்தது.

ரெஞ்சிதத்தின் தாள்கள் ஒவ்வொன்றாக வெளுத்துப் பழைய வாசற்படிகளாகின. ஒரு தாளில் மட்டும் நடுவே அந்தத் தடம் இருக்கிறது, எடுக்கவில்லை. சாகும் அளவுக்கு ஒன்று கையில் இருக்கட்டும் என்று பொன்னுத்தாய் சொல்லிவிட்டாள். அவள் இப்போது தனி வீட்டில் இருக்கிறாள், வழக்கு நடக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா முகத்தைக் காட்டப் போகிறாள்.

ஐப்பசி பிறந்து வடகிழக்கில் மேகம் ஏறினால் சேர்மதுரை லாரி செட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்துவிடுவான். ஏணியைச் சாத்தி, தார்ச் சட்டியைக் கயிற்றில் கட்டி இழுத்து, கிட்டங்கிக் கூரையில் ஏறி, ஓடு ஓடாகத் தட்டிப் பார்ப்பான். அந்தத் தாள் நனைந்தால் அவள் பிணம், அவள் பிணமானால் அவன் கொலைகாரன். இடி இடிக்கும்போது கூரையில் குப்புறப் படுத்து, ஓடு பிளந்த இடத்தை உடம்பால் மூடிக்கொள்வான். கீழே வேப்பமர நிழலில், கிழிந்து ஆறிய உதட்டில் வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு, பொன்னுத்தாய் உட்கார்ந்திருப்பாள்.

"அந்தக் கோடியில பாரும்" என்று மேலே பார்த்துச் சொல்வாள். "போன மழைக்கு அங்கதான் ஒழுகுச்சு."

அவன் முழங்காலில் தவழ்ந்து அந்தக் கோடிக்குப் போவான்.